செய்தவர் தெரியாத விளக்கு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துகள் சரிந்து விழும். ரகரமும் றகரமும் இடம் மாறும். இந்தத் தாள்களைத் தட்டச்சுச் செய்து தரச் சம்மதித்த நண்பரிடம், பிழைகளைத் திருத்துங்கள், கோபத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வாய் திறந்து கோபப்படத் தெரியாத ஆள் நான். இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரத்துக்கு வந்து இருபத்துநான்கு வருடங்களில் என் குரல் உயர்ந்ததை என் மனைவி மதிகூடக் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பதினொரு வருடங்களாக வாரத்தில் இரண்டு நாள் நான் தூசி துடைத்த சாமான்களுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. தொடக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பித்தளை மேளத்தை நான் எலுமிச்சம் பாதி கொண்டு தேய்த்திருக்கிறேன். அந்த அரக்குப் பெட்டிகளை மெல்லிய துணியால் துடைத்து, ஒவ்வொன்றாக மடியில் வைத்துக் காய விட்டிருக்கிறேன். தண்ணீரில் ஆட்டும் மரப்பொம்மை ஒன்றின் சின்னவிரல் ஒருநாள் என் கையில் முறிந்தது. யாருக்கும் சொல்லாமல் பசை வைத்து ஒட்டினேன். அந்தப் பசைக் கோடு இப்போது வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டியவன் நான்.

அந்தச் சாமான்களெல்லாம் பொலிதேயாமா நாடக அரங்கப் பக்கத்தில் நான் வேலை செய்யும் வீட்டுப் பேராசிரியருடையவை; புரொபெசோரே என்றுதான் கூப்பிடுவோம். இளமையில் அவர் வியட்நாமில் சில வருடங்கள் இருந்து படிப்பித்தவர். அங்கிருந்து கொண்டுவந்ததையும் பிறகு தேடித் தேடி வாங்கியதையும் ஓர் அறை நிறைய வைத்திருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் இறந்துபோனார். அவர் மனைவி, நான் சின்யோரா என்று கூப்பிடுபவர், அத்தனையையும் காட்சிக்கு வைக்கக் கொடுத்துவிட்டார். வியா மக்வேதாவிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், பழைய மாளிகை ஒன்றின் முதலாம் மாடியில் மூன்று அறைகளைத் திருத்தி, வியட்நாமிய வரலாறு, பண்பாட்டு அருங்காட்சியகம் என்று பலகை போட்டார்கள். செப்டெம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா. "நீயும் வா, குடும்பத்தோடு வா, முன்வாசலால் வா" என்று சின்யோரா சொன்னார். முன்வாசலால் வா என்று ஏன் தனியாகச் சொன்னார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மதிக்கு அன்று வேலை. மகள் நிலானி என்னோடு வந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள், இத்தாலியனை இந்த ஊர்ச் சந்தைக்காரர்களின் இழுவையோடு கதைப்பாள். கல்யாணவீட்டுக்குப் போடும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தைத் துடைத்து, படியேறிப் போனேன். உள்ளே போய் ஐந்து நிமிடம் ஆகவில்லை. நல்ல உடுப்புப் போட்ட ஒரு மனிதர் யாரோடோ சிரித்துக் கதைத்தபடி தன் வெறும் கிளாசை என் கையில் தந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நானும் அதை வாங்கினேன். வாங்கி, மேசை எங்கே என்று பார்த்து, கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வரும்போது நிலானி அதே இடத்தில் நின்றாள், கண் சிவந்து.

"அப்பா, ஏன் வாங்கினீங்கள்?"

"கையிலை தந்தார், பிள்ளை."

"தந்தா? நீங்கள் கமரியேரேயா, கிளாஸ் எடுக்கிற ஆளோ? இன்விதாத்தோ அப்பா, இன்விதாத்தோ! எங்களைக் கூப்பிட்டிருக்கினம்!"

"மெல்லக் கதை."

"மெல்லத்தான் கதைக்கிறன். நீங்கள்தான் எப்பவும் மெல்ல."

அவள் சொன்னது சரி. எனக்கும் கோபம்தான். அந்த மனிதர்மேல் இல்லை, என் கைமேல். கிளாசைக் கண்டவுடன் என்னைக் கேட்காமலே நீளும் கை அது.

இரண்டாவது அறையில் முன்னோரை வணங்கும் பீடம் இருந்தது. சிவப்பு மரம்; நடுவில் பழைய படம் ஒன்று, வெள்ளைத் தாடி வைத்த கிழவரும் பக்கத்தில் அவர் மனைவியும். இரண்டு பித்தளை மெழுகுதிரித் தாங்கி, ஊதுபத்தி குத்தும் கிண்ணம். யாருடைய அப்பா அம்மாவோ. புரொபெசோரே அதை ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியதாகச் சொன்னார். யாரென்று தெரியாவிட்டாலும் செத்தவர்களின் படம் அல்லவா? பதினொரு வருடமும் அந்தப் பீடத்தைத் துடைக்கும்போதெல்லாம் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் துடைத்தேன். அன்றும் கால் தன்பாட்டில் அதையே செய்தது. சப்பாத்து இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேஸ் போட்ட காலோடு நின்றேன். காவலாளி ஓடி வந்தான். "சின்யோரே, சப்பாத்து! இங்கே படுக்க முடியாது!" என்றான். படுக்கவா? நான் எப்போது படுக்கக் கேட்டேன்? இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். நிலானி சுவரைப் பார்த்தாள்.

அப்போது ஒரு பெண் வந்து என் பக்கத்தில் நின்று, தன் குதிச் சப்பாத்தையும் கழற்றினாள். அறுபது வயது இருக்கும். நீண்ட நீலச் சட்டை, நரைத்த கொண்டை. கைகளைக் கூப்பி மூன்று தரம் தலை குனிந்தாள். காவலாளி விலகிப் போனான். அவள் பெயர் லான். இந்தத் தீவில் ஒருவரைக் கல்யாணம் செய்து கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கிறாள். விழாவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுடைய இத்தாலியன் என்னுடையதைப் போலவே ஒடிந்தது. இந்த நாட்டில் வெட்கமில்லாமல் நான் இத்தாலியன் கதைத்த முதல் மனுசி அவள்தான்.

"நீங்கள் வியட்நாம் இல்லை" என்றாள்.

"இல்லை. ஸ்ரீலங்கா. தமிழ்."

"அங்கேயும் சப்பாத்து, கழற்றுவது?"

"ஓம். செத்தவர்களுக்கு முன்னால்."

"நல்லது" என்றாள். "இங்கே எல்லாரும் சப்பாத்தோடு என் தாத்தாவின் முகத்துக்கு முன்னால் வைன் குடிக்கிறார்கள்." பிறகு சிரித்தாள். "என் தாத்தா இல்லை. யாரோ ஒருவருடைய தாத்தா."

மூன்று பேரும் சேர்ந்து மூன்றாம் அறைக்குப் போனோம். அது போர்க்கால அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் கார் டயரில் வெட்டிய செருப்பு, நசுங்கிய அலுமினியக் கோப்பை, மூங்கில் தண்ணீர்க் குழாய். அவற்றின் நடுவில், கீழிருந்து வெளிச்சம் போட்டு, ஒரு விளக்கு. கண்ணாடிப் போத்தல், கழுத்தில் கம்பி, கம்பியின் ஒரு கால் போத்தலுக்குள் இறங்கி, அதன் நுனியில் ஒரு சின்ன உலோகக் குழாய், அதற்குள் திரி. திரியை யாரோ அழகுக்காக மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். அப்படி எரித்தால் புகைதான் வரும். திரி குழாய்க்கு மேலே ஒரு நெல்மணியளவுதான் நிற்க வேண்டும். சரிப்படுத்த வேண்டும் என்று என் கை கண்ணாடியில் போய் முட்டியது.

அது நான் செய்த விளக்கு.

"என்ன எழுதியிருக்கு, பிள்ளை?" என்று கேட்டேன். நிலானி குனிந்து வாசித்து, தமிழில் சொன்னாள். "வியட்நாம் கிராமத்து விளக்கு. போர்க்காலம். வெளிநாட்டு ஆமிக்காரர் எறிஞ்சுபோட்டுப்போன போத்தல்லை செய்தது. செய்தவர்..." அந்த இடத்தில் சொல் தேடினாள். "செய்தவர் ஆரெண்டு தெரியாது."

மின்சாரம் இல்லாத வருடங்களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஜாம் போத்தல் விளக்கை நான் விளக்கத் தேவையில்லை. பிறகு பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். லாம்பு எரித்தால் ஒருநாளில் குடித்துவிடும். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அந்தப் பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விடுவோம். கம்பியை வளைத்துக் கழுத்தில் கட்டி, நுனியில் சைக்கிள் ரியூப் வால்வின் குழாயைப் பொருத்தி, அதற்குள்ளால் திரியை விட்டால் திரியின் அடி பஞ்சைத் தொடும். சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். காற்று அணைக்காது, தட்டுப்பட்டு விழுந்தாலும் எண்ணெய் சிந்தாது. அப்பா செத்தபிறகு நான் எங்கள் ஊரான கொக்குவிலில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்கு நின்றேன். பழைய வால்வுகள் எனக்குக் கிடைக்கும். எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி வீடுகளில் எரிந்தது நான் செய்த விளக்கு. கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே மடிப்பேன்; மற்றவர்கள் ஒரு சுற்றோடு விட்டுவிடுவார்கள், அது வழுக்கும். "போத்தல் குணம்" என்று என்னைப் பகிடி பண்ணுவார்கள். என் பெயர் குணரத்தினம். பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்கும் உதவாதவன் என்று பெயர் வாங்கியவனுக்கு அந்தப் பகிடிப் பெயர் பட்டம் மாதிரி இருந்தது. யாருடைய வீட்டில் எந்த விளக்கைப் பார்த்தாலும் செய்தவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

இந்தப் போத்தல் அந்த ஊர்ப் போத்தல் அல்ல. ஏழு வருடங்களுக்கு முந்திய ஒரு மாரிகாலம், சின்யோராவின் பிறந்தநாள். நுரைக்கும் ஸ்புமாந்தே வைன் திறந்து, கேக் வெட்டத் தொடங்க, கட்டடம் முழுக்கக் கறண்ட் நின்றது. பின்னேரம்தான், ஆனால் மழை இருட்டு. மெழுகுதிரி தேடினார்கள், இல்லை. நான் சமையலறைக்குப் போனேன். உப்பில் போட்ட கப்பெரி மொட்டுப் போத்தல் ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. ஸ்புமாந்தே அடைப்பைப் பிடித்திருந்த கம்பியை நிமிர்த்தினேன். களஞ்சிய அறையில் புரொபெசோரேயின் துருப்பிடித்த சைக்கிள். அதில் வால்வை வெட்டினேன். சின்யோரா முகம் துடைக்கும் பஞ்சு. ஹீற்றருக்கு ஊற்றும் மண்ணெண்ணெயை, பஞ்சு நனையும் வரைக்கும், சின்யோராவே தன் கையால் ஊற்றினார். பத்து நிமிடம். மேசை நடுவில் வைத்தபோது மூன்று பேருக்கும் கை தட்டத் தோன்றியது. புரொபெசோரே நெடுநேரம் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "போரிலா?" என்று கேட்டார். "ஓம், போரில்" என்றேன். அடுத்த தடவை நான் துடைக்கப் போனபோது விளக்கு வியட்நாம் அறையில், டயர்ச் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் விளக்கை நல்ல இடத்தில் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு துண்டுக் கடதாசியில் என் பெயரை எழுதி அடியில் ஒட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மெல்லப் பேசுபவனுக்கு வந்த வினை.

லான் அந்த விளக்கைக் குனிந்து பார்த்தாள். தலையாட்டினாள். "இது இல்லை" என்றாள். "எங்கள் ஊர், மைப்போத்தல். தகர மூடி. மூடியில் ஓட்டை. நெருப்பு மேலே, வெளியே. இது நெருப்பு உள்ளே. நான் பார்த்ததே இல்லை. கெட்டிக்காரத்தனம்." பிறகு கேட்டாள்: "யார் செய்தது?"

"நான்" என்றேன்.

நான் கேள்வியை விளங்கிக்கொள்ளவில்லை என்று அவள் நினைத்தாள். "இல்லை, இல்லை. யார் செய்தது?"

"நான். இங்கே. பலெர்மோவில். அந்த வீட்டுக் குசினியில்."

நிலானி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மெய்யாவோ அப்பா?" என் முகத்தைப் பார்த்தே பதிலை எடுத்துக்கொண்டு, அறையின் அந்தப் பக்கம் நின்ற, எல்லாரும் தொத்தோரெஸ்ஸா என்று கூப்பிட்ட பெண்ணிடம் நேரே போனாள். தொத்தோரெஸ்ஸாதான் அருங்காட்சியகத்தைப் பார்ப்பவர்; அந்த அட்டைகளையும் எழுதியவர். முப்பத்தைந்து வயது, சிரித்த முகம். வந்தார்.

"இது நான் செய்தது" என்றேன்.

"ஆ, இதையெல்லாம் துடைத்து வைத்தது நீங்களா? சின்யோரா சொன்னார். எவ்வளவு சுத்தமாக இருந்தது! மிக்க நன்றி" என்று என் கையைத் தட்டினார்.

"துடைக்கவில்லை. செய்தேன்."

"திருத்தினீர்களா?"

மனிதர்கள் கேட்க ஆயத்தமாக இருப்பதைத்தான் கேட்கிறார்கள். நான் துடைப்பவன், அதனால் துடைத்தேன் என்று சொல்கிறேன். அதைவிட என் வாயிலிருந்து என்ன வரும்? நிலானி வேகமாக, தெளிவாக, எல்லாவற்றையும் சொன்னாள். பிறந்தநாள், கப்பெரிப் போத்தல், வால்வு. போத்தலின் அடியைப் பாருங்கள், இத்தாலிய எழுத்து அச்சில் இருக்கும் என்று நான் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள். தொத்தோரெஸ்ஸாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பெட்டியைப் பூட்டிய திறப்பு இப்போது கையில் இல்லை என்றார். பிறகு, நடுவில் கதிரை போட்டு உட்கார வைத்திருந்த சின்யோராவிடம் போய்க் கேட்டார். நாங்களும் பின்னால் போனோம். சின்யோராவைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள்.

சின்யோரா என்னைப் பார்த்தார். எண்பத்துமூன்று வயது, ஆனால் ஒரு கரண்டி குறைந்தாலும் கண்டுபிடிக்கும் கண். "உங்கள் பிறந்தநாள், சின்யோரா. கறண்ட் நின்றது. நீங்கள்தான் எண்ணெய் ஊற்றினீர்கள்" என்றேன். அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த தன் கணவரின் படத்தைப் பார்த்தார்.

"என் கணவர் அதை வியட்நாமிலிருந்து கொண்டுவந்தார்" என்றார். "குணா, நீ களைத்துப்போயிருக்கிறாய். வீட்டுக்குப் போ."

போனேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. போ என்றவுடன் போனேன். லான் வாசல்வரை வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திவிட்டுத் திரும்பினாள். வியா மக்வேதா முழுக்க ஞாயிற்றுக்கிழமைச் சனம். ஐஸ்கிறீம் பிடித்த பிள்ளைகளுக்கு இடையில் நிலானி எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். நாங்கள் இருக்கும் பல்லரோச் சந்தைக்குத் திரும்பும் மூலையில் நின்று, "அப்பா, நீங்கள் பொய் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனா அவை எல்லாரும் நீங்கள் சொன்னது பொய் எண்டு நினைச்சுக்கொண்டு சாப்பிடுகினம்" என்றாள். இருபத்துநான்கு வருடங்களாக என்னிடம் வீட்டுத் திறப்புகளைத் தந்திருக்கிறார்கள். நகைப் பெட்டி திறந்தபடி கிடக்கும் அறைகளில் என்னைத் தனியே விட்டுப் போயிருக்கிறார்கள். என் நேர்மையைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. ஒரு போத்தல் விளக்கை நான் செய்தேன் என்று சொன்னபோதுதான் பொய்யனானேன். எடுக்க மாட்டான் என்று நம்புவார்கள். செய்வான் என்று நம்ப மாட்டார்கள்.

அன்று பின்னேரமே ஊரில் இருக்கும் தங்கச்சி வசந்திக்கு போன் எடுத்தேன். அவள் இப்போது பள்ளிக்கூட அதிபர். அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் என் விளக்கில்தான். புத்தகத்தை அவள் புரட்ட, நான் திரியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.

"பிள்ளை, எங்கடை போத்தல் விளக்கு ஒண்டாவது கிடக்கே வீட்டிலை?"

"எது, அந்த ஜாம் போத்தலோ?" வசந்தி சிரித்தாள். "விசரே அண்ணை உங்களுக்கு? கறண்ட் வந்த அண்டைக்கே தூக்கி எறிஞ்சாச்சு. அந்தக் குப்பையை ஆர் வைச்சிருப்பினம்?"

"ஒழுங்கையிலை வேறை ஆரும்?"

"ஒருத்தரும் இல்லை. ஏன், இத்தாலியிலை கறண்ட் இல்லையோ?"

போனை வைத்தபின் அவள்மேலும் கோபம் வந்தது. அவள்மேல் மட்டுமா? நாங்கள் இங்கே மண்டபம் எடுத்துப் பொங்கல் கொண்டாடுகிறோம். பிள்ளைகளுக்குப் பட்டுக் கட்டிவிட்டு மேடையேற்றிக் கைதட்டுகிறோம். பண்பாடு, பண்பாடு என்று ஒலிவாங்கியில் கத்துகிறோம். நாங்கள் உயிர் தப்பிய சாமானை மட்டும் வெட்கப்பட்டு எறிந்துவிட்டோம். வியட்நாம்காரர் டயர்ச் செருப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். எனக்குத் தெரிய, எங்கள் ஒழுங்கை விளக்கில் உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் வியட்நாமின் பெயரில்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? பத்து மணி இருக்கும். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது சின்யோரா குசினி வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றார்.

நான் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

"அவ்வளவு பேருக்கு முன்னால், என் கணவரின் சேகரிப்பில் என் குசினிப் போத்தல் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன், குணா? அந்த ஒன்று பொய் என்றால் எல்லாமே பொய்யோ என்று கேட்பார்கள். அவர் செத்துப்போனார். பதில் சொல்ல அவர் இல்லை."

"நான் இருந்தேன், சின்யோரா" என்றேன். "நான் உயிரோடு அங்கே நின்றேன்."

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வயதான மனுசியைப் பயப்படுத்திவிட்டேனோ என்று உடனே எனக்குள் வழக்கமான பயம் எழுந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. கத்தரிக்காயை உப்புத் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் முன்னறைக்குப் போய்த் தொத்தோரெஸ்ஸாவுக்கு போன் எடுத்து உண்மையைச் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னார். அதுவரைக்கும் நியாயமான மனுசிதான்.

இனி அட்டையை மாற்றி எழுதுவார்கள் என்று நினைத்தேன். பாருங்கள், இந்த வயதிலும் எனக்கு இருக்கும் ஆசையை. என் பெயரைப் போட்டு, இந்த விளக்கு யாழ்ப்பாணத்து விதம், பலெர்மோவில் செய்தது, யாழ்ப்பாணத்திலும் போர், வியட்நாமிலும் போர், இருட்டு ஒன்றுதான் என்று ஏதாவது நல்ல இத்தாலியனில் எழுதுவார்கள் என்று மூன்று கிழமை காத்திருந்தேன். வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு ஓய்வு. ஒரு வியாழன் தனியாகப் போனேன். நேரே மூன்றாம் அறைக்குப் போனேன். டயர்ச் செருப்பு இருந்தது; கோப்பை இருந்தது. விளக்கு இருந்த இடத்தில், துணியில் வட்டமான ஓர் அடையாளம். அட்டையும் இல்லை. வட்டத்தை மறைக்கச் செருப்பைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தார்கள்.

திரும்பி வரும்போது கண்டேன். ரிக்கற் கொடுக்கும் மேசையில், பேனைகளும் ஒரு கத்தரிக்கோலும் போட்டு, என் போத்தல் நின்றது. கம்பி இல்லை, வால்வு இல்லை, பஞ்சு இல்லை. கழுத்தில் மட்டும் கம்பி தேய்ந்த கோடு.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சண்டைக்கு ஆயத்தமானேன். சொல்ல வேண்டியதையெல்லாம் இத்தாலியனில் மனதுக்குள் அடுக்கினேன். போத்தலைத் தூக்கி, பேனைகளை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கத்தரிக்கோலையும் வைத்தேன். மேசையிலிருந்த இளைஞன் தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கினான்.

"இது என்னுடையது" என்றேன்.

"போத்தலா? எடுத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை" என்றான். "சும்மா போத்தல்தானே. பை வேண்டுமா?"

இதில் இருந்த கம்பி எங்கே என்று கேட்டேன். ஏதோ துருக் கம்பி இருந்தது, கூட்டும்போது போயிருக்கும் என்றான். நல்ல பிள்ளை. ஒரு கெட்ட சொல் இல்லை. மேசைக்கடியிலிருந்து பை ஒன்றை எடுத்து, போத்தலை அதில் போட்டு, சிரித்துக்கொண்டு தந்தான். சண்டை பிடிக்கவும் விடாமல் ஒருவனை வாசலுக்கு வெளியே அனுப்ப முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

பல்லரோவில் சைக்கிள் திருத்தும் வங்காளி ஒருவன் பழைய ரியூபிலிருந்து வால்வு வெட்டித் தந்தான். வயர்த் துண்டை உரித்துக் கம்பி எடுத்தேன். இரண்டு சுற்று, உள்ளே மடிப்பு. கைக்கு எதுவும் மறக்கவில்லை. எங்கள் மூன்றாம் மாடி யன்னல் தட்டில் வைத்துப் பற்றவைத்தேன். கீழே மீன்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, பட்டப்பகல்லை விளக்கேன்? சுவர் கறுக்கப்போகுது" என்றாள் மதி.

"கறுக்காது. திரி சரியா வைச்சிருக்கிறன்."

நிலானி வந்து பார்த்தாள். முதல் தடவையாக அதைத் தொட்டுப் பார்த்தாள். "கார்ட் ஒண்டு வைப்பமே, அப்பா? நான் இத்தாலியானிலை வடிவா எழுதித் தாறன்."

"வேண்டாம். என்ரை எழுத்திலை இருக்கட்டும்."

இன்று இந்த ஊரில் இறந்தவர்களின் நாள். கடைகளில் சீனிப் பொம்மைகளும் மாவில் செய்த பழங்களும் அடுக்கியிருக்கின்றன. எல்லாரும் பூவோடு மயானத்துக்குப் போகிறார்கள். எனக்கு விடுமுறை. காலையில் மேசையில் உட்கார்ந்து, ஒட்டும் பிளாஸ்ரர் துண்டு ஒன்றில் பேனையால் எழுதத் தொடங்கினேன். அதை எழுதப் போய்த்தான் இத்தனை தாள் ஆயிற்று. ஜாம் போத்தல் விளக்கு என்று எழுதினேன். செய்தவர் என்று எழுதி, அதற்கு நேரே என் முழுப் பெயரையும், பிறகு 'போத்தல் குணம்' என்றும் எழுதினேன். எழுத்து சரிந்துதான் கிடக்கிறது; வாசிக்கலாம். ஊர் என்று எழுதினேன். அதற்கு மேல் பேனை ஓடவில்லை. கொக்குவில் என்று எழுதினால், அங்கே கேட்டால் குப்பை என்பார்கள். பலெர்மோ என்று எழுதினால், இங்கே கேட்டால் பை வேண்டுமா என்பார்கள். போத்தலின் அடியில் இத்தாலிய எழுத்து. சுடர் நிற்கும் உயரம் எங்கள் ஒழுங்கையுடையது. ஊருக்கு நேரே வெறுமையாகவே விட்டுவிட்டு, துண்டை யன்னல் தட்டில் எரிந்துகொண்டிருந்த போத்தலில் ஒட்டினேன். கண்ணாடி சூடாக இருந்தது. கடைசி வரியில் தேதியை மட்டும் போட்டேன்.

2024 நவம்பர் 2, சனிக்கிழமை.